டோர்கெல் உடைத்த கால்

ஸ்டோர்மோ கிராமத்தில் மே மாத முதல் வாரத்தில்தான் மாடுகளைத் தொழுவத்திலிருந்து வெளியே விடுவார்கள். பனிக்காலம் முழுக்க உள்ளேயே கட்டிக்கிடந்த மாடுகள் பச்சைப் புல்லைக் கண்டதும் வயதை மறந்து துள்ளும். பதினேழு மாடும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் பாய்ந்தால் கால் முறியும், விலா நசுங்கும். அதனால் ஹெட்க்விஸ்ட் வீட்டில் அன்றைக்கு மூத்தவன் டோர்கெல்தான் வாசலில் நிற்பான். பதினாறு வயதிலேயே ஆறடி இரண்டங்குலம். கைகளை அகல விரித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடாகப் பார்த்து வெளியே விடுவான். அடிக்க மாட்டான், அதட்டவும் மாட்டான். எந்த மாடு எந்தப் பக்கம் பாயப்போகிறது என்று அந்த மாட்டுக்கு முன்பே இவனுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பக்கம் ஓர் எட்டு நகர்ந்து நிற்பான். மாடு குழம்பிப்போய் நின்றுவிடும்.

1971ஆம் வருடம் அதை வேலிக்கு வெளியே நின்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்கோட் நிரேன் என்று பெயர். மர ஆலையில் மேஸ்திரி. ஊர்க் கால்பந்துக் கழகத்துக்குப் பயிற்சியாளரும் அவரே. விதைக்கிழங்கு வாங்க வந்தவர், வந்த வேலையை மறந்துவிட்டார்.

"யாரது, ஒன் மகனா?" என்று டோர்கெலின் அப்பாவைக் கேட்டார்.

"ஆமா. ஏன், ஒன் காலை மிதிச்சிட்டானா?"

"பந்து ஆடுவானா?"

"அவன் செருப்பு நாப்பத்தேழாம் நம்பர். பந்து பாவம் இல்லையா?"

"செவ்வாக்கிழமை மைதானத்துக்கு அனுப்பு. பந்தை நான் பாத்துக்கறேன்."

டோர்கெல் போனான். பந்தை நேராக உதைக்க அவனுக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஆனால் எதிராளியை நிறுத்த ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. எவன் எப்படிக் காலை ஆட்டி வித்தை காட்டினாலும் டோர்கெல் அவன் காலைப் பார்க்க மாட்டான், இடுப்பைத்தான் பார்ப்பான். "தலை பொய் சொல்லும், காலும் பொய் சொல்லும். இடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், வீட்டில் ஒரு செவலைப் பசு இருக்கிறது என்று பதில் வரும். ஊரில் அவனுக்குத் 'தொழுவக் கதவு' என்று பேர் விழுந்தது. அவன் ஒருவனை நிறுத்தினால் கூட்டம் ஒரே குரலில், "கதவு சாத்தியாச்சு!" என்று கத்தும்.

பகலில் மர ஆலையில் பலகை அடுக்கினான், மாலையில் ஆடினான். எட்டு வருடத்தில் ஸ்டோர்மோ கழகம் நான்காம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. அங்கேதான் லில்னேஸ் காத்திருந்தது.

லில்னேஸ் ஏரிக்கு எதிர்க்கரை. இந்த ஊரில் அடிக்கும் தேவாலய மணி அந்த ஊரில் கேட்கும். அதனாலேயே இரண்டு ஊருக்கும் ஆகாது. ஸ்டெல்லன் ரூஸ்வால் லில்னேஸின் செல்லப்பிள்ளை. இருபத்துமூன்று வயது, சுருட்டை முடி, குதிரைக்குட்டி மாதிரி ஓட்டம். அந்த வருடம் மட்டும் பத்தொன்பது கோல் அடித்திருந்தான். ஸ்டாக்ஹோமிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த வருடம் முதல் பிரிவில் ஆடப்போகிறான் என்று பேச்சு.

1979 ஆகஸ்டில் இரண்டு ஊருக்கும் ஆட்டம். காலையிலிருந்து தூறல். முதல் பாதி முழுக்க ஸ்டெல்லனின் வாய் ஓயவில்லை.

"என்ன கதவே, கீலுக்கு எண்ணெய் போட்டியா? கிறீச்சுங்குதே!"

டோர்கெல் ஆட்டத்தில் பேசுவதே இல்லை.

"ஒங்கம்மா உன்னைத் தேடறாங்கடா. பால் கறக்க நேரமாச்சாம்!"

டோர்கெலுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டெல்லனும் அதைப் பார்த்துவிட்டான். இருவருக்குமே அந்த ஆட்டம் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

எழுபத்தோராவது நிமிடம் ஸ்டெல்லன் ஒருமுறை தப்பிவிட்டான். முன்னால் கோல்கீப்பர் மட்டும். டோர்கெல் பின்னாலிருந்து ஓடிவந்து ஈரப் புல்லில் சறுக்கினான். பந்தைத்தான் தொட்டான், சுத்தமாகத் தொட்டான். பந்து வெளியே போன பிறகும் அவனுடைய தொண்ணூறு கிலோ உடம்பு நிற்காமல் போய் ஸ்டெல்லனின் இடது முழங்காலுக்குக் கீழே மோதியது. ஆலையில் காய்ந்த பலகை பிளக்கும் சத்தத்தை டோர்கெல் தினமும் கேட்கிறவன். அதே சத்தம்.

நடுவர் விசில்கூட ஊதவில்லை. தப்பில்லாத தடுப்பு என்று லில்னேஸ்காரர்களே பின்னால் ஒப்புக்கொண்டார்கள். தூக்குக்கட்டிலோடு ஓடிவந்த இரண்டு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள், சேற்றில் வழுக்கினார்கள். டோர்கெல் ஒருவரை ஒதுக்கிவிட்டுத் தானே ஒரு முனையைப் பிடித்து, குலுங்காமல் தூக்கிக்கொண்டு போனான். ஸ்டெல்லனின் முகம் மோர் மாதிரி வெளுத்திருந்தது.

"பந்தைத் தொட்டியா?" என்று கேட்டான்.

"தொட்டேன்."

"அப்ப சரி" என்றான் ஸ்டெல்லன். பிறகு மயங்கிவிட்டான்.

எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் இரும்புத் தகடு வைத்துத் தைத்தார்கள்.

புதன்கிழமை டோர்கெல் ஆலையில் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். கையில் ஒரு காகிதப் பை. அவன் அம்மா கொடுத்துவிட்டது. வார்டில் ஸ்டெல்லன் காலை மேலே தூக்கிக் கட்டிய நிலையில் கிடந்தான். பக்கத்து நாற்காலியில் பஸ் டிரைவர் சீருடையில் ஒரு பெண் வாராந்தரி படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஸ்டெல்லனின் அக்கா சோல்வேய்; லில்னேஸ் வழித்தடத்தில் பஸ் ஓட்டுகிறவள்.

"வெளியே போ" என்றான் ஸ்டெல்லன்.

டோர்கெல் நின்றான். பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பையில என்ன?" என்று சோல்வேய் கேட்டாள்.

"உருளைக்கிழங்கு. புதுசு. மேல இருக்கறது சோயிக்கீரை, கிழங்கோட சேத்து வேகவைக்க."

"பச்சைக் கிழங்கா?"

"ரெண்டு கிலோ."

சோல்வேய் வாராந்தரியை மூடினாள். "ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் பூ கொண்டாருவாங்க. நீ சமையல் சாமான் கொண்டாந்திருக்க. இதை இவன் காய்ச்சல்ல வேகவைக்கறதா?"

ஸ்டெல்லன் சிரிக்கக் கூடாதென்று பல்லைக் கடித்தான். முடியவில்லை; சிரித்தால் கால் வலித்தது, வலித்ததும் கோபம் வந்தது. "வெளியே போடா!" என்று மறுபடி கத்தினான்.

"நாற்காலி இருக்கு, உக்காரு" என்றாள் சோல்வேய். "கத்தினா கத்தட்டும். படுத்துக்கிட்டு வேற என்ன வேலை அவனுக்கு?"

டோர்கெல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். எழுந்து தலையை ஆட்டிவிட்டுப் போனான். அடுத்த புதனும் வந்தான், அதற்கடுத்த புதனும் வந்தான். இரண்டாம் வாரம் ஏலக்காய் பன் கொண்டுவந்தான். அது தேவலை என்று சோல்வேய் சொன்னாள். மூன்றாம் வாரம் ஸ்டெல்லனே வாயைத் திறந்தான்.

"ஞாயித்துக்கிழமை என்னாச்சு?"

"தோத்துட்டோம். மூணுக்கு சைபர்."

"மூணா? நீ எங்க இருந்த?"

அந்த மூன்று கோலும் டோர்கெல் பக்கமாகத்தான் போயின. அவனால் சறுக்க முடியவில்லை. எவன் ஓடிவருவான், எந்தப் பக்கம் திரும்புவான் என்பதெல்லாம் முன்போலவே தெரிந்தது. ஆனால் கீழே விழவேண்டிய நேரத்தில் காதுக்குள் அந்தப் பலகை பிளந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. எதிராளிக்குத் துணைக்கு வருகிறவனைப் போல அவன் பக்கத்திலேயே சும்மா ஓடினான்.

ஊர் சும்மா இருக்குமா? "யாருப்பா கதவைத் திறந்து போட்டது, குளிர் அடிக்குது!" என்று ஒருவர் கத்த, "கதவு இல்லப்பா அது, திரைச்சீலை!" என்று இன்னொருவர் கத்தினார். நான்காவது தோல்விக்குப் பிறகு ஆல்கோட் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒனக்கு ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப பெஞ்சில உக்காரு. ரூனே ஆடட்டும்."

ரூனே பாக்லுண்ட் நல்லவன், கொஞ்சம் குண்டு. ஆலையில் டோர்கெலுக்குப் பக்கத்து இயந்திரம். டோர்கெல் மறுபேச்சில்லாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

செப்டம்பர் கடைசிப் புதனில் இதை ஆஸ்பத்திரியில் சொன்னான். ஸ்டெல்லன் அப்போது ஊன்றுகோலோடு நடக்கப் பழகிக்கொண்டிருந்தான்.

"இந்த சீசனோட நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றான் டோர்கெல்.

ஸ்டெல்லன் ஊன்றுகோலைக் கீழே போட்டான். "எதை?"

"ஆட்டத்தை."

"யாருக்கு உபகாரம் பண்றதா நெனப்பு ஒனக்கு? எனக்கா?" அவன் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "டாக்டர் நேத்து சொல்லிட்டார். இந்தக் கால் ரெண்டு சென்டிமீட்டர் குட்டை. இனிமே ஓட்டம் பழைய ஓட்டமா இருக்காதாம். சரி, போச்சு. ஆனா நாளைக்கு எவனாவது எங்கிட்ட, யாருடா ஒன் காலை ஒடச்சதுன்னு கேப்பான். நான் என்ன சொல்லணும்? நாட்டுலயே பெரிய தடுப்பாட்டக்காரன், அவனால மட்டும்தான் என்னை நிறுத்த முடிஞ்சுதுன்னு சொல்லணுமா? இல்ல, ஸ்டோர்மோவில ஒருத்தன் பெஞ்சில உக்காந்து பன் தின்னுக்கிட்டு இருப்பான், அவன்தான்னு சொல்லணுமா? என் மானத்தை வாங்காதடா!"

டோர்கெல் அன்றைக்குத்தான் அழுதான். பெரிய ஆள் அழுதால் பார்க்கவே சங்கடம். பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சோல்வேய் தன் சீருடைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். "மூக்கைச் சிந்து. பஸ்ஸை எடுக்கணும். என் கூடவே வா, கொண்டுபோய் விடறேன்."

அக்டோபரில் கடைசி ஆட்டம் வந்தது. சமன் செய்தால்கூடப் போதும், ஸ்டோர்மோ இரண்டாம் பிரிவில் நிலைத்துவிடும்; தோற்றால் கீழே. ஆனால் அந்த வாரம் காட்டு மான் வேட்டை தொடங்குகிற வாரமும்கூட. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார்கள், வேட்டையைத் தள்ளிப்போட மாட்டார்கள். ரூனே வெள்ளிக்கிழமையே துப்பாக்கியோடு காட்டுக்குப் போய்விட்டான்.

"எப்ப வருவான்?" என்று ஆல்கோட் அவன் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"மானைக் கேளுங்க" என்றாள் அவள்.

வேறு வழியில்லை. டோர்கெல் சட்டையை மாட்டினான்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மைதானத்து வாசலில் ஒரு லில்னேஸ் வழித்தடப் பஸ் வந்து நின்றது. பலகையில் 'ஓட்டத்தில் இல்லை' என்று எழுதியிருந்தது. சோல்வேய் கதவைத் திறந்துவிட, ஸ்டெல்லன் ஊன்றுகோலோடு இறங்கினான். ஸ்டோர்மோ மைதானத்தில் லில்னேஸ்காரன்! கூட்டம் ஒரு நிமிடம் ஆட்டத்தையே மறந்தது. பிறகு முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள். ஒருவர் கடுகு தடவிய ரொட்டியில் சூடான சாசேஜ் வைத்து அவன் கையில் கொடுத்தார்.

"எதிரி ஊர் சாப்பாடு, விஷம் கிஷம் இருக்குமா?" என்று ஸ்டெல்லன் கேட்டான்.

"கடுகுலதான் போட்டிருக்கோம்" என்றார் அவர்.

இரண்டாம் பாதி. யாரும் கோல் அடிக்கவில்லை. அறுபத்தெட்டாவது நிமிடம் எதிரணியின் சின்னப்பையன் மாதிரி இருந்த ஒரு முன்வரிசைக்காரன் பந்தோடு நடுவே பிய்த்துக்கொண்டு வந்தான். டோர்கெல் கூடவே ஓடினான். பெஞ்சுக்குப் போகுமுன் ஓடிய அதே ஓட்டம். கூட்டம் தலையில் கைவைத்தது.

"விழுடா மாடே!"

ஸ்டெல்லனின் குரல் அது. தொண்டை கிழியும் குரல். டோர்கெல் யோசிக்கவே இல்லை. விழுந்தான். நீளக் கால் புல்லில் தேய்ந்து போய்ப் பந்தை மட்டும் கொத்திக்கொண்டு போனது. அந்தப் பையன் அவன்மேல் தடுக்கி, உருண்டு, எழுந்து நின்றான். எழுந்து நின்றதும் டோர்கெல் அவன் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவன் கெண்டைக்காலைப் பிடித்து மேலும் கீழும் தடவிப் பார்த்தான்.

"என்னய்யா பண்ற?" என்று பயந்துபோய்க் கேட்டான் பையன்.

"நல்லா இருக்கு" என்றான் டோர்கெல். "நல்லா இருக்கு. போ, போய் ஆடு."

மைதானமே சிரித்தது. நடுவரும் சிரித்தார். ஆட்டம் கோல் இல்லாமலே முடிந்தது, ஸ்டோர்மோ தப்பியது. ரூனே மறுநாள் வந்தான். மானும் கிடைக்கவில்லை, ஆட்டமும் போச்சு என்று ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

அதற்குப் பிறகு டோர்கெல் ஹெட்க்விஸ்ட் பதினோரு வருடம் ஆடினான். 1982இல் கோத்தன்பர்க்கில் ஒரு பெரிய கழகம் அழைத்தது. ஆலை வேலையை விட்டான். பிறகு பெல்ஜியத்தில் மூன்று வருடம். நாட்டு அணிக்காக இரண்டு ஆட்டம். இரண்டாவதில் பதினோரு நிமிடம்தான். மொத்தம் நானூற்றுப் பதினொன்று ஆட்டம், மூன்று கோல். அதில் ஒன்று சொந்த வலையில். இன்றுவரை அவன் காலில் பட்டு வேறு யாருக்கும் எலும்பு முறியவில்லை.

சோல்வேயிடம் அவன் கல்யாணம் கேட்டதும் பஸ்ஸில்தான். கோத்தன்பர்க்கிலிருந்து லீவில் வந்தவன், லில்னேஸ் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். மூன்றாவது தடவை சோல்வேய் கண்ணாடியில் பார்த்து, "எங்கதான் எறங்கணும் ஒனக்கு?" என்று கேட்டாள்.

"நீ எங்க எறங்கறியோ அங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று கிழவிகளும் கேட்டுவிட்டார்கள். பஸ் ஊருக்குள் போவதற்குள் சேதி போய்விட்டது.

1983 ஜூனில் கல்யாணம். விருந்தில் ஸ்டெல்லன் எழுந்து நின்றான். அதற்குள் அவன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். நடையில் மெல்லிய சாய்வு. எல்லோரும் தமாஷ் பண்ணுவான் என்று காத்திருந்தார்கள். அவன் டோர்கெலைப் பார்த்துச் சொன்னான்:

"சில நாள் காலையில எழுந்து செருப்புல காலை விடறப்ப ஒன்மேல வெறுப்பு வருது. உள்ளதைச் சொல்லணும் இல்ல? காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள போயிடுது. இத்தனை நாள்ல ஒரு நாளும் காப்பிக்கு அப்புறம் இருந்ததில்ல."

டோர்கெல் தலையை ஆட்டினான். சோல்வேய், "அப்ப இவனுக்கு இன்னொரு காப்பி ஊத்துங்கப்பா" என்றாள்.

பெல்ஜியத்தில் இருந்த காலத்தில், டோர்கெல் அனுப்பும் ஆட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு வாரமும் ஸ்டெல்லன் ஓர் அஞ்சலட்டை போடுவான். ஒரே வரிதான் இருக்கும். 'இரண்டாவது கோல் உன் தப்பு.' 'எட்டாம் நம்பர்காரனை ஏன் வெளிப்பக்கம் விட்டாய்?' 'இந்த வாரம் குறை ஒன்றும் கிடைக்கவில்லை, வருத்தமாக இருக்கிறது.' அந்த ஊர் மொழி வராமல், சமையலும் பிடிக்காமல் தவித்த டோர்கெல், தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றுகொள்வான்.

முப்பத்தைந்து வயதில் முழங்கால்கள் போதும் என்றன. ஊருக்குத் திரும்பி நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். முதல் பிரிவில் ஆடியவன் எங்கள் தெருவில் பனி தள்ளுகிறானே என்று வெளியூர்க்காரர்கள் அதிசயப்படுவார்கள். அவனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வருவதைத் தள்ளி ஓரம் கட்டுவதுதானே, இத்தனை நாளும் அதைத்தானே செய்தேன் என்பான்.

2006இல் இரண்டு ஊர்க் கழகத்துக்கும் ஆள் பஞ்சம் வந்தது. ஆலை மூடிவிட்டது, இளசுகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டையும் ஒரே கழகமாக்கலாமா என்று ஸ்டோர்மோ மன்றத்தில் ஒரு ஞாயிறு மதியம் கூட்டம் போட்டார்கள். தொண்ணூற்றொன்பது பேர் வந்தார்கள். ரூனே முதல் ஆளாக எழுந்தான்.

"லில்னேஸ்காரனோட ஒரே சட்டையா? அதுக்கு நான் சட்டையே இல்லாம ஆடுவேன்!"

"வேணாம் ரூனே. நீ சட்டையில்லாம ஆடினதை நடுக்கோடைத் திருநாள்ல பாத்தாச்சு" என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து.

சிரிப்பு அடங்கியதும் டோர்கெல் எழுந்தான். முப்பத்தைந்து வருடத்தில் அவன் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை.

"இங்க ஆட ஒம்போது பேர்தான் இருக்காங்க. அங்க எட்டு. ஆட்டத்துக்குப் பதினோரு பேர் வேணும்" என்றான். உட்காரப் போனவன் மறுபடி நிமிர்ந்தான். "லில்னேஸ்காரங்க மோசம் இல்ல. ஒருத்தியைக் கட்டிக்கிட்டு இருபத்திமூணு வருஷம் ஆச்சு. ஒருத்தன் வாரத்துல மூணு நாள் என் சமையலறையில உக்காந்து, என் காப்பியையே குடிச்சிக்கிட்டு என்னையே திட்டறான். மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். பழகிடுவீங்க."

அறுபத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. கழகங்கள் சேர்ந்தன. ரூனே வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போட்டான். ஆனால் புதுச் சட்டையை முதல் ஆளாக வாங்கியவனும் அவனே.

புதுக் கழகத்தின் பெண்கள் அணிக்கு ஸ்டெல்லனும் டோர்கெலும் சேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். முன்வரிசை அவனுக்கு, பின்வரிசை இவனுக்கு. முதல் ஆட்டத்தில் நாலுக்கு ஒன்று என்று தோற்றார்கள். ஆட்டம் முடிந்து பெண்கள் குளித்து, உடை மாற்றி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் இருவரும் கோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நாலாவது கோல் ஒன் பின்வரிசையோட தப்பு" என்றான் ஸ்டெல்லன்.

"ஒன் முன்வரிசை பந்தைத் தொலைச்சுட்டு நின்னுதே, அது?"

"பந்து தொலைஞ்சா பிடிக்கத்தானே கதவு?"

"ஒன்பது பேர் ஒரே நேரத்துல வந்தா எந்தக் கதவும் நிக்காது."

"ஒன்பது பேரா! எண்ணத் தெரியுமா ஒனக்கு?"

சோல்வேய் ஹாரனை நீளமாக அடித்தாள். ஜன்னலோரம் இருந்த பெண்கள் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். ஒருவர் சாய்ந்து, ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு. மூன்றாவது கோலைப் பற்றிய சண்டை படிக்கட்டில் ஏறும்போது ஆரம்பித்தது.